புரூஃப் பார்க்காமல் பிளேட் போடலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு உங்கள் நாளிதழின் கணினிப் பகுதியில் வந்த கட்டுரையைப் படித்துவிட்டு இதை எழுதுகிறேன். விண்டோஸ், ஆண்ட்ராய்டு, ஐபோன் எதுவானாலும் ‘பீட்டா’ என்று பெயர் போட்டு, இறுதிப் பதிப்புக்கு முன்னால் சோதனைக்காக வருவதன் பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது, கம்பெனிக்காரன் தன் வேலையை நம் தலையில் கட்டுகிறான், நாம் என்ன சோதனைக்கூடத்து எலியா என்று கேட்டிருந்தார் கட்டுரையாளர். அவருடைய கோபம் எனக்குப் புரிகிறது. முடிவுதான் சரியில்லை.

நான் கணினி படித்தவன் இல்லை. கடலூர் திருப்பாப்புலியூரில் லாரன்ஸ் ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில் 27 வருஷமாக டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, பில் புக், கருமாதி பத்திரிகை, இப்போது கூடவே ஆன்லைன் விண்ணப்பம், ஜெராக்ஸ், லேமினேஷன். இதுதான் பிழைப்பு. தெரிந்த தொழிலை வைத்தே பதில் சொல்கிறேன்.

முகூர்த்த நாளில் திருவந்திபுரம் எப்படி இருக்கும் என்று கடலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கோயிலுக்குப் போகும் வழி முழுக்க மாலையும் கழுத்துமாக ஜோடிகள் நிற்கும். அந்தக் கல்யாணங்களில் சிலவற்றுக்குப் பத்திரிகை என் கடையில் அடித்ததாக இருக்கும். பத்திரிகை வேலையில் ஒரு சட்டம் வைத்திருக்கிறேன். டைப் செட்டிங் முடிந்ததும் சாதா ஏ4 தாளில் ஒரு புரூஃப் எடுத்து வீட்டாரிடம் கொடுப்பேன். ‘ரெண்டு நாள் வீட்ல வெச்சுப் பாருங்க, எல்லாருக்கும் காட்டுங்க, கையெழுத்துப் போட்டுக் கொண்டாங்க’ என்பேன். கையெழுத்து இல்லாமல் பிளேட், அதாவது அச்சுத் தகடு, போட மாட்டேன். ‘நீங்க பார்த்தா போதும்ணே, எத்தனை வருஷமா அடிக்கிறீங்க’ என்று அவசரப்படுத்துபவர்கள் உண்டு. எத்தனை வருஷமாக அடிக்கிறேனோ அத்தனை வருஷமாகத் தப்பும் விட்டிருக்கிறேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

நெல்லிக்குப்பம் பக்கத்து வீடு ஒன்று. பெண்ணின் அப்பா கைப்பட எழுதிக்கொண்டு வந்தார். செட்டிங் முடித்து நான் மூன்று தடவை படித்தேன். அவர் படித்தார், சரி என்றார். மாப்பிள்ளையின் அண்ணன் பெங்களூரில் இருக்கிறார், போனில் படம் அனுப்பினோம், அவரும் சரி என்றார். நாள், நட்சத்திரம், மண்டபம், இனிஷியல் எல்லாம் ஒழுங்கு. வீட்டில் பாட்டி ஒருவர் இருந்திருக்கிறார். எழுத்துப் படிக்கத் தெரியாது. பேத்தியை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, ‘தாய்மாமன் பேரு எங்கடி?’ என்றாராம். எழுதிக்கொண்டு வந்த தாளின் அடிமடிப்பில் அந்த ஒரு வரி மறைந்துபோயிருந்தது. சிவகாசி அட்டையில் ஐந்நூறு அடித்துக் கொடுத்த பிறகு அது தெரிந்திருந்தால் அட்டைக் காசு போவது இருக்கட்டும், அந்த மாமன் மணவறைப் பக்கம் வந்திருப்பாரா?

நானும் அப்பாவும் அண்ணனும் அதைக் காணாததற்குக் காரணம் கவனக்குறைவு என்று சொல்ல மாட்டேன். நான் எழுத்துப்பிழை தேடினேன். அப்பா மண்டபத்தின் பெயரையும் நேரத்தையும் தேடினார். அண்ணன் தன் பெயரையும் டிகிரியையும் தேடினார். தாய்மாமனைத் தேடியது அந்தப் பாட்டி மட்டும்தான். இயங்குதளத்தின், அதாவது கணினியையும் போனையும் ஓட்டுகிற அடிப்படை மென்பொருளின், பொதுச் சோதனைப் பதிப்பு என்பது, என் புத்திக்கு எட்டியவரை, இந்த ஏ4 தாள்தான்.

கம்பெனிக்குள்ளேயே சோதிக்க ஆட்கள் இருக்கிறார்கள், சம்பளம் வாங்குகிறார்கள் என்பது கட்டுரையாளர் சொன்ன முதல் வாதம். இருக்கட்டும். அவர்களுடைய சோதனைக்கூடத்தில் எத்தனை பிரிண்டர் இருக்கும்? கடலூரில் ஓடுகிற பழைய லேசர் பிரிண்டர்களின் வகையையாவது யாராவது எண்ணியிருப்பார்களா? வீடு, கடை, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் என்று கோடிக்கணக்கான இடத்தில், ஒன்று போல் ஒன்று இல்லாத இயந்திரத்தில் ஓடப்போகும் பொருள் அது. உள்ளே ஆல்ஃபா என்று முதல் சுற்று பார்க்கிறார்கள். ஓரளவு நிலைப்பட்டதும் பீட்டா என்று வெளியே விடுகிறார்கள். கடைசியில் ‘இதுதான், பெரிய தப்பு ஏதும் இல்லையென்றால் இதையே வெளியிடுவோம்’ என்று ஒரு வெளியீட்டு வேட்பாளர் பதிப்பு. லினக்ஸ் என்ற இயங்குதளத்தின் மையப் பகுதியான கருநிரலுக்கு மட்டும் ஒவ்வொரு பதிப்புக்கும் முன்னால் வாரத்துக்கு ஒன்றாக ஏழு, சில சமயம் எட்டு வேட்பாளர் பதிப்புகள் வருகின்றன. நான் ஒரு புரூஃபோடு நிறுத்துகிறேன், அவர்கள் ஏழு எடுக்கிறார்கள்.

இதற்குக் காசு கொடுத்த ஜனங்களும் உண்டு. ஆப்பிள் கம்பெனி 2000 செப்டம்பர் 13 அன்று தன் மேக் கணினிக்கான புதிய இயங்குதளமான மேக் ஓஎஸ் எக்ஸின் பொதுச் சோதனைப் பதிப்பை விற்றது. விலை 29.95 டாலர். பிழை இருக்கும் என்று அட்டையிலேயே தெரிந்த பொருளை வாங்கினார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வாங்கி, 75,000க்கும் மேல் கருத்து எழுதி அனுப்பியதாக ஆப்பிளே சொன்னது. அந்தச் சோதனைப் பதிப்பில் ஆப்பிள் சின்னம் திரையின் மேல்பட்டையில் நட்டநடுவில் அலங்காரமாக உட்கார்ந்திருந்தது. அதை அழுத்தினால் ஒன்றும் நடக்காது. பழைய மேக்கில் இடது மூலையில் ஆப்பிள் மெனுவைத் திறந்து திறந்து பழகிய கைகளுக்கு இது பொறுக்குமா? 2001 மார்ச் 24 அன்று 10.0 பதிப்பு வந்தபோது சின்னம் இடது மூலைக்குத் திரும்பியிருந்தது, அழுத்தினால் மெனுவும் வந்தது. இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது.

அதெல்லாம் அழகு விஷயம் என்பீர்கள். சரி, உயிர் போகிற விஷயம் ஒன்று சொல்கிறேன். 2024 மார்ச் கடைசியில் நடந்தது. லினக்ஸ் இயங்குதளங்களில் எக்ஸ்-ஸெட் என்று கோப்புகளைச் சுருக்குகிற சின்னக் கருவி ஒன்று உண்டு. அதைப் பராமரிக்கிற குழுவில் யாரோ ஒருவர் புனைபெயரில் சேர்ந்து, இரண்டு வருஷத்துக்கும் மேலாக நல்ல பிள்ளையாக வேலை செய்து நம்பிக்கை சம்பாதித்து, கடைசியில் 5.6.0, 5.6.1 பதிப்புகளுக்குள் ஒரு கள்ளக் கதவை வைத்துவிட்டார். அது ஊரெல்லாம் பரவியிருந்தால், உலகத்தில் எத்தனையோ சர்வர்களுக்குள் அவர் நினைத்த நேரத்தில் நுழைந்திருக்கலாம். கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர். அவர் பாதுகாப்பு நிபுணர் இல்லை, தரவுதள வேலை பார்ப்பவர். லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியன் இயங்குதளத்தின் நிலைப்படாத பதிப்பில், அதாவது யார் வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கலாம் என்று திறந்துவைத்திருக்கும் பதிப்பில், ஏதோ வேக அளவீடு செய்துகொண்டிருந்தார். வெளியிலிருந்து கணினிக்குள் நுழைகிற வேலை வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாக எடுத்தது. அரை நொடி! நம்மில் யாராக இருந்தாலும் ‘நெட்டு ஸ்லோ’ என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போயிருப்போம். அவர் விடாமல் நூலைப் பிடித்துக்கொண்டு போய், மார்ச் 29 அன்று உலகத்துக்குச் சொன்னார்.

அந்தத் தேதியில் கள்ளக் கதவு எங்கே வரை போயிருந்தது என்று பாருங்கள். டெபியனின் சோதனைப் பதிப்பு, நிலைப்படாத பதிப்பு, இன்னொரு லினக்ஸ் வகையான ஃபெடோராவின் வெளிவராத பதிப்பு, இப்படி முன்வரிசையில் மட்டும். டெபியனின் நிலையான பதிப்புக்கு, ஜனங்கள் நம்பி ஓட்டுகிற பதிப்புக்கு, அது வந்து சேரவில்லை. உபுண்டு என்ற மற்றொரு லினக்ஸ் வகையின் 24.04 பதிப்புக்கான பீட்டா ஏப்ரல் 4 அன்று வர வேண்டியது, எல்லாவற்றையும் புதிதாகக் கட்டிச் சரிபார்க்க வேண்டும் என்று ஒரு வாரம் தள்ளி 11ஆம் தேதி வெளியிட்டார்கள். இறுதிப் பதிப்பு சொன்னபடி 25ஆம் தேதி வந்துவிட்டது. என்னைப் போல் கடையில் உட்கார்ந்து இறுதிப் பதிப்பை இறக்கியவனுக்கு நடுவில் இப்படி ஒரு கண்டம் கழிந்தது தெரியவே தெரியாது.

‘நான் பீட்டாவைத் தொட மாட்டேன், இறுதிப் பதிப்பு வரட்டும்’ என்பவர்களுக்கு என் கடையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். சில வருஷம் முன்பு, ஆவணி முகூர்த்தம் நெருக்கிய வாரம். ராத்திரி பூட்டும்போது கணினி ‘மேம்படுத்திக்கொண்டிருக்கிறேன், அணைக்காதீர்கள்’ என்றது. அது பீட்டா இல்லை, முறையாக வெளியான இறுதிப் பதிப்பு. எந்தக் கம்பெனியுடையது என்று சொல்லி வம்பு வாங்க விரும்பவில்லை. காலையில் வந்தால் பிரிண்டரைக் கணினிக்கு அடையாளமே தெரியவில்லை. பட்டர் பேப்பரில் எடுக்க வேண்டிய வேலை நாலு கிடக்கிறது. வாசலில் பண்ருட்டியிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்த ஒரு மாமனார் உட்கார்ந்திருக்கிறார். பிரிண்டர் கம்பெனிக்குப் போன் போட்டால் ‘அந்த மாடல் பழசு சார்’ என்கிறார்கள். பழையதென்று எனக்குத் தெரியாதா? அதற்கு இன்னும் டோனர் கிடைக்கிறது, அது இன்னும் அச்சடிக்கிறது. கடைசியில் கோப்புகளைப் பென்டிரைவில் போட்டுக்கொண்டு பாண்டிச்சேரிக்கு ஓடி, மைத்துனரின் நண்பர் கடையில் எடுத்துக்கொண்டு வந்தேன். அன்றைக்கு எலியானது யார்? பீட்டா போடாத நான்தான்.

சோதனை எப்படியும் நம் கடையில் நடக்கத்தான் போகிறது. முகூர்த்தத்துக்கு முன்னால் ஓரமாக ஒரு பழைய கணினியில் நடக்கட்டுமா, முகூர்த்த வாரத்தில் மெயின் கணினியில் நடக்கட்டுமா என்பதை மட்டும் நாம் முடிவு செய்யலாம். 2024 ஜூலை 19 அன்று உலகமே பார்த்ததே. கிரௌட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு கோப்பு, சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நீலத் திரையோடு நிறுத்தியது. நம் நாட்டு விமான நிலையங்களில்கூட கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். அது இயங்குதளப் பதிப்பு இல்லைதான். ஆனால் முதலில் கொஞ்சம் பேருக்கு அனுப்பிப் பார்த்துவிட்டு மற்றவர்களுக்கு அனுப்பலாம் என்ற வழக்கத்தை விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

பிரிண்டர் கதைக்கு அப்புறம் ஒரு பழைய கணினியை இதற்கென்றே ஒதுக்கிவிட்டேன். 2011 டிசம்பர் 30இல் தானே புயல் கடையின் ஷீட்டைப் பிய்த்துக்கொண்டு போனபோது தார்ப்பாய்க்கு அடியில் இருந்து தப்பிய கேபினெட் அது. உள்ளே எல்லாம் மாற்றியாகிவிட்டது, வெளிக்கூடு மட்டும் பழசு. என் கடைப் பையன் அதற்கு ‘பலி ஆடு’ என்று பெயர் வைத்திருக்கிறான். பெரிய பதிப்பு வரப்போகிறது என்றால் அதன் பீட்டாவை முதலில் பலி ஆட்டில் ஏற்றுவேன். என் பிரிண்டரைச் செருகிப் பார்ப்பேன், ஒரு பத்திரிகையைத் தமிழ்99 விசைப்பலகையில் முழுக்க அடித்துப் பார்ப்பேன், பழைய ஃபாண்டுகள் எழுகின்றனவா என்று பார்ப்பேன். கெட்ட செய்தி இருந்தால் இரண்டு மாதம் முன்கூட்டியே தெரிந்துவிடும். கம்பெனிக்கு இது உபகாரம் என்றால் எனக்கும் உபகாரம்தான்.

இனி நான் எழுத உட்கார்ந்த முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். அது தமிழ்.

இந்தக் கடை ஆரம்பித்தபோது விண்டோஸுக்குத் தமிழ் என்று ஒன்று இருப்பதே தெரியாது. பாமினி போன்ற ஃபாண்டுகளில் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை வரைந்து வைத்து ஏமாற்றிக்கொண்டிருந்தோம். விண்டோஸ் 2000இல்தான் லதா ஃபாண்டோடு தமிழ் உள்ளே வந்தது. இன்று எல்லா இயங்குதளத்திலும் தமிழ் இருக்கிறது. ஆனால் அதைத் தினமும் பத்து மணி நேரம் அடிக்கிறவர்கள் அந்தக் கம்பெனிகளின் சோதனைக்கூடத்தில் எத்தனை பேர் இருப்பார்கள்? தாய்மாமனைத் தேடுகிற பாட்டி அங்கே கிடையாது.

ஒரு உதாரணம். என் பழைய போனில் ஒரு இயங்குதளத்தின் சோதனைப் பதிப்பைப் போட்டு, மொழியைத் தமிழுக்கு மாற்றிவைத்திருந்தேன். படம் ஒன்றை அழிக்கப் போனால் கேள்வி கேட்டது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பொத்தான்கள். ஒன்று ‘நீக்கு’, மற்றது ‘நீக்க வேண்டாம்’ என்று இருந்திருக்க வேண்டும். ஆங்கிலச் சொல்லின் நீளத்துக்கு வெட்டிய பொத்தான். எழுத்தையும் பெரிதாக வைத்திருந்தேன், கண் அப்படி. எனவே இரண்டிலும் ‘நீக்…’ என்று மட்டும் இருந்தது. எதை அழுத்துவது? திரையைப் படம் பிடித்து, எந்த அமைப்பில், எத்தனை பெரிய எழுத்தில் இப்படி வருகிறது என்று எழுதி அனுப்பினேன். ஆங்கிலத்தில் எழுதத் தகராறு, பையன்தான் உதவினான். அடுத்த சுற்றுப் பதிப்பில் பொத்தான்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக, முழுச் சொல்லோடு வந்தன. என் கடிதத்தாலா, வேறு யாராவது தமிழரோ மலையாளியோ எழுதினார்களா, தெரியாது. அன்றைக்குச் சாயங்காலம் பையனுக்கு பஜ்ஜி வாங்கிக் கொடுத்தேன்.

எல்லாம் இப்படி முடிந்துவிடும் என்று சொல்ல மாட்டேன். இன்னொரு புகார் எழுதிப் பல மாதம் ஆகிறது, அசையவில்லை. அது ‘ஸ்ரீ’ பற்றியது. எல்லா மொழி எழுத்துக்கும் கணினியில் எண் கொடுக்கிற யூனிகோடின் 4.1 பதிப்பில், 2005இல், ‘ஶ’ என்ற எழுத்து தனியாகச் சேர்ந்தது. அதிலிருந்து ஸ்ரீயை இரண்டு விதமாக அமைக்கலாம். ‘ஸ்’ஸோடு ‘ரீ’ சேர்த்தும் வரும், ‘ஶ்’ஷோடு ‘ரீ’ சேர்த்தும் வரும். பல ஃபாண்டுகளில் கண்ணுக்கு இரண்டும் ஒரே உருவம், கணினிக்கு இரண்டும் வேறு வேறு. ஒரு விசைப்பலகை ஒன்றைத் தருகிறது, இன்னொன்று மற்றதைத் தருகிறது. என் கடையில் பாதிக் கோப்புகள் ஸ்ரீ என்றுதான் தொடங்கும். தேடினால் பாதிதான் கிடைக்கும், மீதி ஒளிந்துகொள்ளும். அதே போல அகரவரிசை. எழுத்துகளின் எண்வரிசைப்படியே அடுக்கினால் ‘ஜ’ என்பது ‘ச’வுக்கும் ‘ஞ’வுக்கும் நடுவில் போய் உட்காரும், ‘ன’ என்பது ‘ந’வுக்கு அடுத்து வந்துவிடும். நம் அகராதியில் ‘ன’ மெய்யெழுத்துகளின் கடைசி, கிரந்தம் அதற்கும் அப்புறம். மொய்க் கணக்கை அகரவரிசையில் கேட்கிறவர்களிடம் போய் யூனிகோடு எண்ணைப் பற்றிப் பேச முடியுமா?

தமிழுக்கு நேர்ந்தது இந்த அளவு. தெலுங்குக்கு நேர்ந்தது பெரிது. 2018 பிப்ரவரியில், ‘ஜ்ஞா’ என்ற தெலுங்குக் கூட்டெழுத்து ஒன்று செய்தியில் வந்தாலே ஐபோனில் அந்தச் செயலி சுருண்டு விழுந்தது. சில போன்கள் எழுந்திருக்கவே மாட்டேன் என்றன. ‘ஞானம்’ என்ற சொல்லைத் தெலுங்கில் எழுத அந்த எழுத்துதான் வேண்டும். பாண்டிச்சேரி அரசின் ஏனாம் பகுதி முழுக்கத் தெலுங்கு பேசுகிற ஊர். கோடிக்கணக்கானவர்கள் தினமும் எழுதுகிற எழுத்து, ஐபோன் இயங்குதளத்தின் வெளியான 11.2.5 பதிப்பில் போனை விழுத்தாட்டியிருக்கிறது. இதில் கவனிக்க வேண்டியது, அந்த நேரத்தில் ஓடிக்கொண்டிருந்த 11.3 சோதனைப் பதிப்பில் இந்தப் பிழை இல்லை. பிழை வெளியே தெரிந்து சிரிப்பாய்ச் சிரித்த பிறகு, பிப்ரவரி 19 அன்று 11.2.6 என்று அவசரமாக ஒரு திருத்தம் விட்டார்கள். 11.2.5 சோதனைச் சுற்றில் இருந்தபோது தெலுங்கில் இரண்டு வரி அடித்துப் பார்த்து எழுதியவர்கள் இன்னும் கொஞ்சம் பேர் இருந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்திருக்கிறேன்.

கட்டுரையாளரின் கோபம் புரிகிறது என்றேன் அல்லவா, அதன் நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். பீட்டாவில் ஆபத்து உண்டு. 2009 ஜனவரியில் விண்டோஸ் 7 பீட்டா பொதுமக்களுக்கு வந்தபோது, எம்பி3 பாட்டுகளின் சில நொடிகளை வெட்டிவிடும் பிழை அதில் இருந்தது. சேர்த்துவைத்த பாட்டெல்லாம் தலை போனால் யாருக்குத்தான் வயிறு எரியாது? அதே விண்டோஸ் 7இன் வேட்பாளர் பதிப்பைப் போட்டுவிட்டு மறந்துபோனவர்களின் கணினி 2010 மார்ச் முதல் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை தானாக அணைந்தது. காலாவதி நெருங்குகிறது, மாற்றிக்கொள் என்பதற்காக வேண்டுமென்றே அப்படி வைத்திருந்தார்கள். ஆகவே ஒரே போன், அதிலேயே வங்கிக் கணக்கு, அதிலேயே பிள்ளையின் கல்யாண போட்டோ என்று இருப்பவர் பீட்டா போடக் கூடாது. வேறு இடத்தில் ஒரு நகல் எடுத்து வைக்காதவரும் கூடாது. இதை மட்டும் கட்டுரையில் எழுதியிருந்தால் நான் வெட்டி ஒட்டிக் கடைச் சுவரில் மாட்டியிருப்பேன்.

எழுதினாலும் கேட்கிறார்களா என்பதுதான் எனக்கே இருக்கும் சந்தேகம். 2018 அக்டோபர் 2 அன்று மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 10இன் பெரிய மேம்பாடு ஒன்றை வெளியிட்டது. ஆவணங்கள், படங்கள் போன்ற கோப்புறைகளை வேறு இடத்துக்கு மாற்றி வைத்திருந்த சிலருக்கு, பழைய இடத்தில் மிச்சமிருந்த கோப்புகள் அழிந்துபோயின. சில நாளிலேயே நிறுத்திவிட்டு நவம்பர் 13இல்தான் மறுபடியும் விட்டார்கள். இதைப் பற்றிச் சோதனையாளர்கள் வெளியீட்டுக்கு முன்பே எழுதியிருந்தார்கள். ஆனால் கருத்துப் பெட்டியில் எந்தப் புகாருக்கு நிறைய பேர் கை தூக்குகிறார்களோ அதுதான் மேலே வரும். இதற்குக் கை தூக்கியவர்கள் கொஞ்சம். அழிந்ததாகப் புகார் சொன்னவர்கள் பத்தாயிரத்தில் ஒருவர் அளவுதான் என்று கம்பெனியே சொன்னது. பத்தாயிரத்தில் ஒருவரின் குரல் கை எண்ணிக்கையில் எப்படி மேலே வரும்? அப்புறம்தான் புகார் எழுதும்போது அது எவ்வளவு கடுமையானது என்று குறிக்கவும் இடம் வைத்தார்கள். எங்கள் தொழிலில் புரூஃபை வீட்டில் எத்தனை பேர் திருத்தினார்கள் என்று எண்ண மாட்டோம். பாட்டி ஒருத்தி சொன்னால் போதும், பிளேட் நிற்கும்.

தமிழில் எழுதும் நாம் கை எண்ணிக்கையில் எப்போதும் கொஞ்சம்தான். அதனால்தான் ‘பக்கம் போகாதீர்கள்’ என்று ஒரு தமிழ் நாளிதழ் எழுதும்போது எனக்குச் சுருக்கென்று குத்துகிறது. இருக்கிற பத்துப் பேரும் ஒதுங்கிவிட்டால் ‘நீக்…’ ‘நீக்…’ என்றே இறுதிப் பதிப்பு வந்து சேரும்.

இன்னொன்று, வெளிநாட்டுக் கம்பெனிகளை மட்டும் சொல்வானேன். எங்களைப் போன்ற கடைகளில் விண்ணப்பம் போடுகிற தளம் ஒன்று, ஒரு திங்கட்கிழமை காலை தலைகால் தெரியாமல் மாறியிருந்தது. எந்தத் துறையுடையது என்பது வேண்டாம். புதிய படிவத்தில் ‘கடைசிப் பெயர்’ என்று ஒரு கட்டம். கட்டாயம் நிரப்ப வேண்டும், மூன்று எழுத்துக்குக் குறையக் கூடாது. நம் ஊரில் யாருக்கு ஐயா கடைசிப் பெயர் இருக்கிறது? இனிஷியல்தான், அதுவும் ஒரே எழுத்து. குறிஞ்சிப்பாடியிலிருந்து பேரனின் சான்றிதழுக்காக வந்திருந்த ஒரு அம்மா, வரிசையில் இரண்டு மணி நேரம் நின்றுவிட்டு ‘எங்க வீட்டுக்காரர் பேர் முழுசும் போட்டுடு தம்பி’ என்றார். போட்டால் ஆதாரோடு பொருந்தவில்லை. மூன்றாம் நாள் கட்டத்தைச் சரிசெய்தார்கள். மாவட்டத்துக்கு ஐந்து கடைக்காரரிடம் ஒரு வாரம் முன்னால் கொடுத்து ‘போட்டுப் பாருங்கப்பா’ என்று கேட்டிருந்தால் முதல் ஐந்து நிமிஷத்தில் சொல்லியிருப்போம். காசுகூட வேண்டாம்.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். பீட்டா காலம் வரும்போது அதை ஒரு செய்தியாகப் போடுங்கள். ஆப்பிள் பெரும்பாலும் ஜூன் மாதம் அறிவித்து, ஜூலை வாக்கில் பொதுச் சோதனைக்கு விட்டு, செப்டம்பரில் வெளியிடும். உபுண்டு ஏப்ரலிலும் அக்டோபரிலும் வரும், அதற்குச் சில வாரம் முன்பு பீட்டா வரும். அந்த நேரத்தில் அரைப் பத்தி எழுதினால் போதும். பழைய இயந்திரத்தில் போடுங்கள், நகல் எடுங்கள், மொழியைத் தமிழுக்கு மாற்றுங்கள், எழுத்தைப் பெரிதாக்குங்கள், உங்கள் தொழிலுக்கு வேண்டியதைச் செய்து பாருங்கள் என்று. அப்புறம் எழுதுகிற விதம். ‘ஒர்க் ஆகல’ என்று எழுதினால் எவனுக்கும் ஒன்றும் புரியாது. ‘அண்ணே மெஷின் ஓடல’ என்று போன் பண்ணினால் ஆஃப்செட் மெக்கானிக் என்னை என்னென்ன கேட்பார்? எப்போதிலிருந்து, என்ன பேப்பர், எந்த யூனிட்டில் சத்தம் என்று குடைவார். அதே போல என்ன செய்தேன், என்ன வரும் என்று நினைத்தேன், என்ன வந்தது, மறுபடி செய்தாலும் வருகிறதா என்று நான்கு வரி எழுதி, திரையையும் ஒரு படம் பிடித்து வைத்தால் வேலை முடிந்தது. கல்லூரிப் பிள்ளைகள் செய்தால் இன்னும் நன்றாகச் செய்வார்கள்.

கட்டுரையாளர் கடலூர்ப் பக்கம் வந்தால் கடைக்கு வரட்டும். பலி ஆட்டைக் காட்டுகிறேன். முகூர்த்த நாளாக மட்டும் இருக்க வேண்டாம்.

இப்படிக்கு,
டிடிபி கடைக்காரர் ஒருவர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.

பி.கு.: அந்தக் கட்டுரையின் மூன்றாம் பத்தி, கடைசி வரியில் ‘பீட்டாவை நிறுவ வேண்டாம்’ என்று இருந்திருக்க வேண்டும் என நினைக்கிறேன். ‘பீட்டாவை நிறுவ வேண்டும்’ என்று அச்சாகியிருக்கிறது. புரூஃப் பார்த்தவரைத் திட்ட வேண்டாம். எனக்கும் நடந்திருக்கிறது.